கார் மெழுகு இளக்கித் தரப்படும்

கார் வைத்திருப்பவர்கள் ஆசையாக மெழுகு டப்பா வாங்குவார்கள், இரண்டு முறை தேய்ப்பார்கள், பிறகு மூடியைச் சரியாக மூடாமல் மறந்துவிடுவார்கள்; என் தொழில் அந்த மறதியை நம்பித்தான் நடக்கிறது. இரண்டு வருடம் கழித்துத் திறந்தால் மெழுகு ஓரமெல்லாம் சுருங்கி, கோடையில் வற்றிய ஏரி மாதிரி வெடித்துக் கிடக்கும். அதை வீட்டில் இளக்கி, அவர்கள் காருக்கே பூசித் தருகிறேன். சிறுசேரியில் ஒரு ஐடி கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. சேரும் தேதிதான் இன்னும் வரவில்லை. என்னைப் போல மெயிலைத் திறந்து திறந்து மூடுகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இட்லிப் பானை

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் இரும்புலியூரில் எங்கள் தெருவுக்கே என்மேல் ஒரு மதிப்பு உண்டு. அதைக் கெடுக்க வேண்டாமென்று, அம்மா வேலைக்குப் போன பிறகுதான் மெழுகை எடுப்பேன். நேராகத் தீயில் வைத்தால் அது பற்றிக்கொள்ளும். அகலமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்த பிறகே டப்பாவை அதில் இறக்க வேண்டும். இளகியதும் வெளியே கொண்டுபோய், பெயின்டில் கலக்கும் டர்பன்டைனைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளற வேண்டும். எங்கள் வீட்டில் அகலமான பாத்திரம் ஒன்றுதான் இருந்தது.

முதல் டப்பாவை அதில் இளக்கிய மறுநாள் காலை குட்டு உடைந்தது. அம்மா இட்லியில் ஒரு விள்ளல் வாயில் வைத்தாள். சோற்றைத் துப்பிப் பழக்கமில்லாதவள், விழுங்கிவிட்டுத்தான் பேசினாள்.

"அக்கம்பக்கத்துல எம்புள்ள ஐடி கம்பெனின்னு சொல்லிக்கினு கீறேன். நீ இட்லிப் பானையில பெயின்ட் கடை வச்சிக்கினு கீறியேடா!"

ரஃபீக் பாய் திட்டாத நாள்

ரஃபீக் பாய் பல்லாவரத்தில் பழைய கார் வாங்கி விற்கிறவர். அவருடைய வண்டி ஒன்றுக்கு அவசரமாக மெழுகு இளக்கியபோது டர்பன்டைன் அதிகமாகி, கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. இருக்கட்டும் என்று பூசினேன். அது வழிந்து பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக்கில் இறங்கியது. காய்ந்ததும் பார்த்தால், வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். பாய் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. முன்பே இருந்த கறை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொல்வதற்கும் ஒரு தைரியம் வேண்டுமே. நானே போன் செய்து சொல்லிவிட்டேன்.

வந்தவர் பம்பரை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு என்னை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இன்னா தம்பி நீ, தப்பை நீயே சொல்லிட்டா நான் எப்படித் திட்றது? பேஜாரா கீதுப்பா!"

சனிக்கிழமைக்குள்

அந்தக் கறையைப் போக்க மூன்று நாள் தேய்த்தேன். அதைப் பார்த்துத்தான் பாய் என்னைச் சேலையூரில் ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்கு அனுப்பினார். டீச்சரின் கணவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் ஓட்டிய நீல நிறக் காரைப் பாய் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. சனிக்கிழமை வந்து எடுத்துப்போவார். டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"சனிக்கிழமையானா அவரே உக்காந்து தேய்ப்பார். ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்ல வண்டி மின்னணும் அவருக்கு. இந்த மெழுகைப் போட்டுத்தான் வண்டி இந்த வீட்டை விட்டுப் போகணும். முடியுமாப்பா?"

"பார்க்கிறேன் டீச்சர். கெட்டுப்போனா இந்த மாதிரி வேற கிடைக்காது" என்று உள்ளதைச் சொன்னேன்.

"அதான் எனக்கும் பயம்" என்றார்.

வீட்டில் வந்து திறந்தேன். வழக்கமான வெடிப்புகள். நடுவில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வழவழப்பாக ஒரு பள்ளம். அதையும் சரிசெய்ய வேண்டிய குறையாகவே எடுத்துக்கொண்டேன். புதுப் பாத்திரம், புது வெந்நீர். டர்பன்டைனைச் சொட்டு எண்ணி விட்டேன். மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு ஒரு பகல் முழுக்க ஆறவிட்டேன். அதுவரை என் கையில் அப்படி ஒரு மெழுகு வந்ததில்லை. ஒரு கீறல் கிடையாது, ஒரு குமிழி கிடையாது.

வெள்ளிக்கிழமை கொண்டுபோய், மூடியை நானே திறந்து பெருமையாக நீட்டினேன். டீச்சர் உள்ளே பார்த்தார். டப்பாவை ஜன்னல் பக்கம் திருப்பி, சாய்த்துப் பார்த்தார். பிறகு தன் இரண்டு விரல்களை மெழுகின்மேல் படாமல் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அவர் விரல் தடம் இருந்துச்சே, அது எங்கப்பா?"

டப்பாவும் போனது

எண்ணெய் விட்டு ஊறவைப்பேன் என்று அவர் நினைத்திருக்கிறார். பம்பர் கறைக்குப் போன் செய்யத் தெரிந்த எனக்கு, உருக்கப்போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "கேட்டது நான்தானே, உன்னைச் சொல்லி என்ன" என்றார். அந்தக் குரலில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால் தேவலை.

சனிக்கிழமை காலை மெழுகைப் பூசினேன். கார் மின்னியது. கேட்டுக்கு மேலே இருந்த வேப்பமரக் கிளை பானட்டில் இலை இலையாகத் தெரிந்தது. டீச்சர் வாசற்படியை விட்டு இறங்கவில்லை. பாய் சாவியை வாங்கிக்கொண்டார். கடைசி நிமிடத்தில் ஏதாவது ஒரு குறை கண்டுபிடிக்கிறவர், அன்று பேசிய பணத்தை அப்படியே எண்ணிக் கொடுத்தார். கிளம்பும்போது தரையிலிருந்த டப்பாவைப் பார்த்துவிட்டு, எடுத்துத் துடைத்து, "இது உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர், சார் ஞாபகமா" என்று நீட்டினார்.

டீச்சர் கையை நீட்டவில்லை.

"நீங்களே எடுத்துட்டுப் போங்க பாய். இப்ப அது வெறும் மெழுகுதான்."

இப்போதெல்லாம் டப்பாவைக் கையில் வாங்கும்போதே இதைக் கடைசியாகத் தொட்டது யார் என்று கேட்டுவிடுகிறேன். பாதிப் பேர் என்னைப் போலீஸ் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள்.