காலிக்கு முன்னால் ஒரு சொல்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ரொம்பவும் பயப்படுகிறவன், பூட்டிய கதவைக்கூட மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். திருவொற்றியூரில் பழைய டிரம்களை இரண்டாக வெட்டும் பட்டறையில் எனக்கும் அன்வருக்கும் வேலை.

அன்று ஒரு டிரம்மின் மேல் சாக்பீஸால் ‘நியர்லி எம்ட்டி’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எம்ட்டி என்றால் காலி, அது தெரியும். முன்னால் இருந்தது ஏதோ கம்பெனிப் பெயர் என்று நினைத்தேன். இருந்தாலும் மூன்று முறை படித்தேன்.

"இன்னா மாமு, பரீச்சைக்கா பட்ச்சிகினு கீற? காலியா, இல்லியா?" என்றான் அன்வர்.

"காலிதான்டா."

அவன் கேஸ் கட்டரை வைத்ததும் டிரம் வெடித்தது. அவனுக்குக் கண் இரண்டும் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் அந்தச் சொல்லை எழுதிக் காட்டிக் கேட்டேன். "கிட்டத்தட்டன்னு அர்த்தம்" என்றார். கிட்டத்தட்டக் காலி. அடியில் பெயின்ட்டில் கலக்கும் தின்னர் மிச்சம் இருந்திருக்கிறது. முன்னால் நிற்கும் ஒரு சொல் பின்னால் வருவதையே மாற்றிவிடும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிறுதோறும் அன்வர் வீட்டுக்குப் போகிறேன். "நீதான் மூணு தபா பட்ச்சியே மாமு, உன் மேல இன்னா தப்பு கீது?" என்று அவன்தான் எனக்கு ஆறுதல் சொல்கிறான். உண்மையைச் சொல்லிவிடத்தான் போகிறேன். ஒவ்வொரு வாரமும் கிட்டத்தட்டச் சொல்லிவிடுகிறேன்.