மந்தைவெளி முதல் கொட்டிவாக்கம் வரை: ஐந்து ஆல்பம், ஒரு தப்பான எடுப்பு

ஆகஸ்ட் 9, சனிக்கிழமை, காலை 10.40. ஃபோனில் ஐந்து ஆல்பங்கள், மொத்தம் மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம். மாலை நாலரைக்குள் கொட்டிவாக்கத்தில் இருக்க வேண்டும். மந்தைவெளியில் எங்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது நிலவரம் இதுதான்.

ஏன் இந்தப் பயணம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் இம்தியாஸ் கூப்பிட்டான். என்னோடு எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். வார நாட்களில் ராயப்பேட்டையில் அவன் அப்பாவின் மெத்தைக் கடை, வார இறுதியில் டிரம்ஸ். அவனுடைய குழு ஞாயிற்றுக்கிழமை அடையாறில் ஒரு சின்ன அரங்கில் வாசிக்கிறது. லாம்ப்லைட் அசெம்ப்ளி என்கிற பழைய இங்கிலாந்து ப்ராக்ரஸிவ் ராக் குழுவின் இருபத்திரண்டு நிமிடப் பாட்டு ஒன்றை, முழுசாக. கீபோர்டு வாசித்தவன் புனேயில் வேலை கிடைத்துப் போய்விட்டான். "நீ வா மச்சி" என்றான். வருகிறேன் என்றேன். அந்தக் குழுவை ஒரு நொடிகூடக் கேட்டதில்லை என்பதையும் சொன்னேன்.

புனேக்காரன் ஒரு வீடியோ விட்டுப் போயிருந்தான். மேலிருந்து எடுத்த அவன் இரண்டு கைகள், கீபோர்டு சத்தம் மட்டும். அதைப் பார்த்து நாலு நாளில் விரல்களைப் பழக்கிவிட்டேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கை ஓடியது. ஆனால் குழுவை நடத்துகிற தீபா, பாடகி, ஒரு நிபந்தனை போட்டாள்: "சனிக்கிழமை ஆறு மணிக்குள்ள ஒரு தடவையாவது ஒழுங்கா ஆரம்பிக்கணும். இல்லன்னா அந்த நேரத்தை வேற குழுவுக்குக் குடுத்துடுவேன். பாதி வழியில நிக்கிறதுக்கு நான் மேடை ஏற மாட்டேன்." அந்த மேடைக்காக அவர்கள் ஒரு வருஷமாக அலைந்திருக்கிறார்கள். இம்தியாஸ் சொன்னது வேறு: "அஞ்சு ஆல்பமும் வரிசையா கேட்டுட்டு வா. நம்ம பாட்டு நாலாவதுல இருக்கு. அதை மட்டும் நேரா கேட்டா நீ திட்டுவ."

வீட்டில் உட்கார்ந்து கேட்டால் நாற்பதாவது நொடியில் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவேன். நகர்ந்துகொண்டிருந்தால்தான் எனக்கு முழுசாகக் கேட்க முடியும். அதனால் இந்த ஏற்பாடு: ஒரு தூரத்துக்கு ஒரு ஆல்பம்.

முதல் ஆல்பம், நடை. மந்தைவெளியிலிருந்து மயிலாப்பூர் குளம் ஒன்றரை கிலோமீட்டர். குளத்தைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டால் நாற்பத்திரண்டு நிமிடம் சரியாக வருகிறது. பூக்கடைப் பக்கம் மட்டும் நடைபாதை கிடையாது, சாலையில் இறங்கித்தான் போக வேண்டும். ஆல்பம் எளிமையானது. நீளம் குறைந்த பாட்டுகள், நல்ல கிடார், பாடுகிறவருக்குக் குரல் மூக்கில் இருக்கிறது. புதிதாகக் கேட்பவர்கள் இங்கே தொடங்கலாம். பயப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, லஸ்ஸிலிருந்து பனகல் பூங்கா வரை 12பி பேருந்தில். நாலு கிலோமீட்டர்தான், மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்ட வழியில் நாற்பது நிமிடம் ஆயிற்று. எனக்கு அது வசதி. ஆல்பம்தான் வசதியாக இல்லை. பாட்டுக்கு நடுவில் தாளம் மாறுகிறது, கிடாரும் டிரம்ஸும் வேறு வேறு அறையில் வாசிப்பது போல ஒட்டாமல் நிற்கின்றன. ஃபோனில் குறித்துக்கொண்டேன்: "ஒலிக்கலவை சரியில்லை. பத்துக்கு நாலு."

தி.நகரில் சாப்பாடு. பூங்காவுக்கு எதிர்ச்சந்தில் நூற்றிருபது ரூபாய்க்கு அளவுச் சாப்பாடு, வத்தக்குழம்பு நன்றாக இருந்தது. அப்போது அம்மா கூப்பிட்டாள்.

"எங்கடா இருக்க? ஆத்துல சாதம் வச்சிருக்கேன்."

"தி.நகர்ல சாப்டுண்டிருக்கேன்மா. பாட்டு கேக்கணும்."

"ஆத்துல கேட்டா காது கேக்காதா?"

"அப்பறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன். பதில் சொன்னால் அரைமணி போய்விடும்.

மூன்றாவது ஆல்பத்தைப் பாண்டி பஜார் நடைபாதையில் கேட்டேன். ஒரு மணி வெயிலில் அங்கே நடப்பதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மாலையில் போங்கள். ஆல்பத்தையும் பரிந்துரைக்க மாட்டேன். முழுக்க அழுகை.

இரண்டே காலுக்கு அடையாறு வழியாகத் திருவான்மியூர் போகிற பேருந்து கிடைத்தது. எண் பார்க்கவில்லை, நடத்துநரிடம் கேட்டு ஏறுங்கள். ஜன்னலோர இருக்கை. நாலாவது ஆல்பம், முதல் பாட்டு, நம்முடைய இருபத்திரண்டு நிமிடம்.

கீபோர்டு தனியாகத் தொடங்குகிறது. எனக்கு விரலில் ஏறியிருந்த அதே சுர வரிசை. ஏழு எண்ணிக்கை: மூன்றும் நாலும். கர்நாடக சங்கீதம் ஓயாத எங்கள் வீட்டில் வளர்ந்தவனுக்கு இது மிஸ்ர சாபு தாளம், தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. முதல் சுரத்தை ஒன்று என்று வைத்துத் தொடையில் தாளம் போட்டேன். ஒன்றரை நிமிடம் அழகாகப் போயிற்று. அப்புறம் டிரம்ஸ் வந்தது. அடி ஒவ்வொன்றும் என் எண்ணிக்கைகளுக்கு நடுவில் விழுந்தது. ஒன்றிலும் இல்லை, இரண்டிலும் இல்லை, இடுக்கில்.

பின்னால் தள்ளி மறுபடி கேட்டேன். மறுபடி இடுக்கில். இன்னும் பலமாகத் தாளம் போட்டேன்.

"இன்னா சார், கொசு கடிக்குதா?" நடத்துநர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"தாளம் போடறேன்."

"போடு, வேணாங்கல. ரெண்டு பேர் சீட்டுல கையை விரிச்சிக்கினு கீற. இந்த அம்மா உக்கார வாணாமா?"

நகர்ந்து உட்கார்ந்து இம்தியாஸுக்குச் செய்தி அனுப்பினேன்: "உன் ஆளு டிரம்மர் தப்பு. டேப் வெட்டி ஒட்டினதுல அரை அடி போயிருக்கு." அந்தக் காலத்து ஒலிநாடாவில் அப்படி நடக்கும். எனக்கு உறுதியாகத் தெரியும் என்று நினைத்தேன். இரண்டு நிமிடத்தில் அவன் குரல் பதிவு வந்தது, சிரிப்போடு: "அம்பது வருஷமா உலகமே தப்பா கேட்டுச்சு, நீ பஸ்ல கண்டுபுடிச்சிட்ட. மச்சி, நீ எங்க ஒன்னு வச்சிருக்க, அதைச் சொல்லு மொதல்ல."

கோபம் வந்தது. ஆனாலும் கேள்வி நியாயமானது. ஒரு சர்க்யூட் வேலை செய்யாவிட்டால் உள்ளே போகிற பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம், வெளியே வருகிற பக்கத்திலிருந்து பின்னால் வருவோம். டிரம்ஸைச் சரி என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து தொடக்கத்துக்குப் பின்னோக்கி எண்ணினேன். கணக்கு முதல் சுரத்தில் முடியவில்லை. அதற்கும் ஒன்றரை எண்ணிக்கை முன்னால் போய் நின்றது.

அடையாறு டெப்போவில் இறங்கி, ஒரு சுவரோரம் நின்று, ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் அழுத்தி, ஒலியை முழுக்க ஏற்றி ஆரம்பத்தைக் கேட்டேன். இருக்கிறது. சுரத்துக்கு முன்னால், மெத்தென்று ஒரே ஒரு அடி. காலால் மிதிக்கும் பெரிய டிரம். பேருந்து இரைச்சலில் கேட்கவே கேட்காது, வீடியோவில் டிரம்ஸே கிடையாது. அதுதான் சமம், தாளத்தின் முதல் அடி. ஒன்றரை எண்ணிக்கை சும்மா விட்டு, அதற்குப் பிறகுதான் கீபோர்டுக்கு எடுப்பு, அதாவது பாட்டைத் தொடங்கும் இடம்.

இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், கர்நாடகக் கச்சேரியில் இந்தத் தப்பை நான் செய்யவே மாட்டேன். பாட்டு சமத்தில்தான் தொடங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அரை இடம் தள்ளி, ஒன்றரை இடம் தள்ளி எடுப்பதெல்லாம் எங்கள் தெருவில் சர்வசாதாரணம். இங்கிலீஷ் பாட்டு என்றவுடன், அவர்களுக்கு எடுப்பு எல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரும் அப்படிச் சொல்லித்தரவில்லை.

மணி மூன்று இருபது. ஐந்தாவது ஆல்பம் பாக்கி. ஆனால் இரண்டாவதுக்கு நான் கொடுத்த நாலு மதிப்பெண் உறுத்தியது. ஐந்தாவதை விட்டுவிட்டேன். டெப்போ வாசலில் ஆட்டோ கேட்டேன்.

"கொட்டிவாக்கமா? இருநூறு குடு நைனா."

"ஆப்ல நூத்தி இருபதுன்னு காட்டுது."

"அப்ப ஆப்பையே ஓட்டச் சொல்லு."

நூற்று அறுபதுக்கு முடிந்தது. ஐந்து கிலோமீட்டர், சாலையில் நெரிசல் இருந்ததால் அரைமணி நேரம். எண்ணும் இடத்தை மாற்றியதும் இரண்டாவது ஆல்பத்தில் கிடாரும் டிரம்ஸும் ஒரே அறைக்குள் வந்துவிட்டன. அந்த மதிப்பெண்ணை அழித்தேன். எட்டு.

ரிகர்சல் அறை ஒரு வீட்டு மாடியில், சுவரெல்லாம் முட்டை அட்டை. தீபா மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சும் கேட்டியா?"

"நாலு. ரெண்டாவதை ரெண்டு தடவை."

"அஞ்சாவது?"

"கேக்கல."

அவள் இம்தியாஸைப் பார்த்தாள். "இவன் என்ஜினீயர்னு சொன்ன. எண்ண வராதா?"

புனேக்காரன் காதில் மெட்ரோனோம், தாளத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும் கருவி, வைத்து வாசித்தவனாம். என்னிடம் அது இல்லை. குச்சியைத் தட்டி எண்ணிக்கை கொடுப்பதையும் தீபா ஒப்புக்கொள்ளவில்லை. இருட்டில், அமைதியில், அந்த ஒரு அடியோடு தொடங்க வேண்டும் என்றாள். சரிதான், பதிவிலும் அப்படித்தான்.

முதல் முறை, இம்தியாஸ் மிதித்தான், நான் சீக்கிரம் வந்துவிட்டேன். ஒன்றரைக்குப் பதில் ஒன்று. டிரம்ஸ் முழுசாக வரும் இடத்தில் எல்லாம் சரிந்தது. இரண்டாவது முறையும் அதே. விஷயம் எனக்குத் தெரியும், விரலுக்குத் தெரியவில்லை. நாலு நாள் அது காத்திருந்து பழகவே இல்லை. தீபா ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டாள், ஐந்து இருபத்தைந்து.

"மச்சி, நீ பஸ் புடிக்கிற மாதிரி ஓடிவர்ற" என்றான் இம்தியாஸ்.

தொடக்கச் சுர வரிசைக்கு வலது கை மட்டும் போதும். இடது கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துத் தொடையில் வைத்தேன். சபாவில் முன்வரிசையில் உட்காருகிறவர்கள் மாதிரி, வெளிப்படையாக. ஃபோனில் பதிவை ஓடவிட்டு, "மறுபடி" என்றேன்.

அவன் கால் இறங்கியபோது என் கையும் இறங்கியது. தாளம் நகர்ந்தது, ஒன்று, அதற்கு மேல் அரை தாண்டியது, எடுத்தேன். ஒன்றரை நிமிடம் கழித்து டிரம்ஸ் முழுசாக வந்தபோது ஒவ்வொரு அடியும் என் உள்ளங்கைக்கு நேர் கீழே விழுந்தது. இருபத்திரண்டு நிமிடம் நிற்காமல் போனோம். நடுவில் நான் இரண்டு இடத்தில் தப்பு செய்தேன், யாரும் நிறுத்தவில்லை.

தீபா ஃபோனைப் பைக்குள் போட்டாள். "நாளைக்கு மேடையிலயும் தொடையைத் தட்டுவியா?"

"தட்டுவேன்."

"சரி. வேட்டி கட்டிக்கிட்டு வந்துடாத."

இதைத் திரும்பி வரும் பேருந்தில் எழுதுகிறேன். இதே மாதிரி ஒரு நாள் போட நினைப்பவர்களுக்கு: இரைச்சலை அடக்கும் ஹெட்ஃபோன் வேண்டும். அது இருந்தாலும் ஒவ்வொரு பாட்டின் முதல் பத்து நொடியை நின்று கேளுங்கள். ஒரே நாளில் மூன்று ஆல்பம் போதும், ஐந்து பேராசை. முதல் கேட்பில் மதிப்பெண் போடாதீர்கள். டிரம்ஸ் தப்பு என்று தோன்றினால், நீங்கள் எங்கே ஒன்று வைத்தீர்கள் என்று பாருங்கள். இந்தக் குழு எனக்குப் பிடித்திருக்கிறது. மூன்றாவது ஆல்பம் இன்னும் பிடிக்கவில்லை, அதற்கும் எனக்கும் தகராறு தொடரும்.

இனி நான் செய்யப்போவது:

1. புனேக்காரனின் வீடியோவை அழிப்பேன். இன்று டிரம்ஸோடு பதிவு செய்ததை மட்டும் வைத்து, தப்பு செய்த இரண்டு இடத்தையும் காலையில் வாசித்துப் பார்ப்பேன்.

2. ஐந்தாவது ஆல்பத்தை நிகழ்ச்சி முடிந்த பிறகே கேட்பேன். அதற்கு முன் இன்னொரு பாட்டு தலைக்குள் வேண்டாம்.

3. நாளை ஏழு மணிக்கு விளக்கு அணைந்து இம்தியாஸின் கால் இறங்கியதும், ஒன்றரை எண்ணிக்கைக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பேன்.