ஊத்தை படிந்த சரவிளக்கின் கீழே என் அக்கா

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு முற்றத்தில் பூசைக்குச் செம்பரத்தம்பூ கொய்துகொண்டு நின்றேன். அக்காவின் மருமகன் நடராசா கேற்றைத் திறந்துகொண்டு வந்தார். காலில் செருப்பில்லை. அதைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது.

“சின்னம்மா, மாமி எங்களை விட்டுப் போட்டா. விடியப்புறம், நித்திரையிலையே.”

பூத்தட்டைக் கீழே வைத்துவிட்டு, கடைசியாக என்ன சொன்னவ என்று கேட்டேன். சிவபெருமானின் பெயரைச் சொல்லியிருப்பார் என்றுதான் நினைத்தேன். நடராசா நிலத்தைப் பார்த்தார்.

“ராத்திரி ஒண்டு சொன்னவ. செத்தால் தன்னைச் சரவிளக்குக்குக் கீழைதான் கிடத்தவேணுமாம். மாமாவுக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. ‘தங்கம் வந்து சொல்லட்டும்’ எண்டு இருக்கிறார்.”

“சீ!” என்றேன். அக்கா இறந்த செய்தி கேட்டு என் வாயிலிருந்து வந்த முதற்சொல் அதுதான். அழுகை பிறகுதான் வந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் நினைவுப் புத்தகத்துக்கு, அதுதான் கல்வெட்டுக்கு, பாட்டு எழுத ஒரு புலவரைப் பிடித்திருக்கிறார்கள். அவர் அக்காவை ஒரு நாளும் கண்டதில்லை. அன்னபூரணி, கற்புக்கரசி என்று எழுதித் தருவார். அதற்குப் பின்னால் இரண்டு பக்கம் வசனமாக வேண்டும் என்று அத்தான் என்னிடம் கேட்டார். “நீ கதைக்கிற மாதிரியே எழுது, பிள்ளை” என்றார். நான் ஊர்ச் சைவப் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள். ஆனபடியால் இதில் அலங்காரம் இராது.

அக்காவின் பெயர் நாகம்மா. அத்தான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கர். கலியாணம் முடித்த கையோடு இருவரும் வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் குடியேறினார்கள். எனக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது அக்காதான் வந்து பத்தியம் காய்ச்சித் தந்தார். அவரைப் போலச் சுத்தக்காரியை நான் கண்டதில்லை. மீன் விற்பவன் ஒழுங்கையால் போனால் வாசலுக்குத் தண்ணீர் தெளிப்பார். பிறர் வீட்டில் தேத்தண்ணீர் குடிக்கமாட்டார். அப்படிப்பட்ட மனிசிக்கு அந்தச் சாமான் மீது எப்படி ஆசை வந்தது என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

கறுவாத்தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பிப் போகையில் வீட்டுச் சாமான்களை ஏலத்தில் விட்டார். அத்தான் ஓர் அலுமாரி வாங்கத்தான் போனார். அக்காவும் நானும் கூடப் போனோம். அந்தக் கூடத்தில் சாராய நாற்றம், நாய் நாற்றம், சுருட்டு நாற்றம் எல்லாம் சேர்ந்து கிடந்தது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அக்காவோ முகட்டைப் பார்த்தபடி நின்றார். அங்கே பளிங்குத் துண்டுகள் குலைகுலையாகத் தொங்கும் பெரிய சரவிளக்கு ஒன்று. யன்னலால் வந்த வெயில் அதில் பட்டு, சுவரெல்லாம் சிவப்பும் நீலமுமாகச் சிதறியிருந்தது.

“தங்கம், அந்தச் சுவரைப் பாரடி” என்றார்.

“அக்கா, அதின்ரை கிண்ணத்தைப் பாருங்கோ. மெழுகு உருகி மஞ்சளாய்ப் பிடிச்சிருக்கு. உது மாட்டுக் கொழுப்பிலை செய்த மெழுகுதிரி!”

“கழுவினால் போகும்.”

“மாட்டுக் கொழுப்பு கழுவினால் போகுமோ? நாங்கள் சைவச் சனங்கள்!”

“ஊரிலை சிமினி விளக்குப் புகையைக் குடிச்சுக் குடிச்சு எனக்குத் தொண்டை கறுத்துப்போச்சு. சாமிக்குத்தான் வடிவான வெளிச்சம் வேணுமோ? மனிசருக்கும் கொஞ்சம் கிடைக்கட்டுமன்.”

சாமியோடு போட்டி போடும் அந்தக் கதையைக் கேட்டு நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அலுமாரி வரவேண்டிய வீட்டுக்குச் சரவிளக்கு வந்தது. வண்டில்காரன் இறக்கும்போது, “மேக்க பன்சலட்டத, நோனா?” என்று சிங்களத்தில் கேட்டான். விகாரைக்குக் கொண்டுபோகிற சாமான் என்று பாவி நினைத்துவிட்டான்.

துரையின் பங்களா முகடு வானத்தில் இருந்தது. அக்காவின் கூரையோ அதில் பாதி உயரந்தான். சங்கிலியை வெட்டிக் குறுக்க அக்கா விடவில்லை, வடிவு கெட்டுவிடுமாம். ஆகவே அந்தச் சாமான் நெற்றி உயரத்தில் தொங்கியது. நடுக்கூடத்தைக் கடக்கிற ஆம்பிளைகள் எல்லாரும் குனிந்துதான் போகவேண்டும். கோயிலில் சாமிக்கு முன்னால் தலை வணங்காத பெரிய உத்தியோகத்தர்கள்கூட அந்தக் கண்ணாடிக் குலைக்கு வணங்கிப் போனதை என் கண்ணால் கண்டேன். எனக்கு வயிறு எரிந்தது.

அதில் சேர்கிற அரியண்டத்தைச் சொன்னால் சாப்பிடுகிறவர்கள் இலையை மூடிவிடுவார்கள். மழை பெய்த பின்னேரங்களில் ஈசல் வந்து செட்டையை உதிர்க்கும். பல்லி அதற்குள்ளேயே குடும்பம் நடத்தி, அங்கேயே எச்சமும் போடும். கடற்காற்றின் உப்புப் பட்டுக் கண்ணாடியெல்லாம் பீளை பிடித்த கண் மாதிரி மங்கிப்போகும். சனிக்கிழமைகளில் அக்கா ஸ்டூல் போட்டு ஏறி, ஒவ்வொரு துண்டாகக் கழற்றித் தேசிக்காய்ப் புளி பிழிந்த தண்ணீரில் போடுவார். தண்ணீர் கறுக்கும். பிறகு தேவாரம் முணுமுணுத்தபடியே, அதே வாயால் ஊதி ஊதித் துடைப்பார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஓங்காளம் வரும்.

“அங்காலை போ, பிள்ளை. நீ ஓங்காளிக்கிறது இதுக்குள்ளை விழப்போகுது” என்பார்.

அவருடைய ஒரே மகள் பூரணத்துக்குச் சம்பந்தம் பேச, பம்பலப்பிட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அப்போது சரவிளக்குக்கு மின்சாரக் கம்பி இழுக்கவில்லை. ஏற்றித்தான் தீரவேண்டும் என்று அக்கா நின்றார். இந்த வீட்டில் மெழுகுதிரி கொளுத்தினால் பச்சைத்தண்ணீரும் குடியேன் என்று நான் நின்றேன். கடைசியில் அக்கா, கார்த்திகை விளக்கீட்டுக்கு ஏற்றுவதுபோல, அந்தக் கிண்ணங்களில் தேங்காயெண்ணெய் விட்டுத் திரி போட்டார். கிண்ணத்தின் அடியில் மெழுகுதிரி குத்துகிற துவாரம் உண்டு. அதைக் கோதுமை மாவால் அடைத்தார். தேங்காயெண்ணெயைச் சரவிளக்கில் ஊற்றலாம் என்கிற யோசனை எங்கள் சனத்தைத் தவிர வேறு யாருக்கும் வந்திராது.

சூடேற மா இளகியது. மாப்பிள்ளையின் தகப்பனார் பென்சன் எடுத்த ஸ்டேசன் மாஸ்டர், வழுக்கைத் தலை. சரியாக அதன் நடுவே முதல் துளி விழுந்தது. பிறகு மாக்கட்டி ஒன்று, ஓர் ஈசலும் ஒட்டியபடி, அவருடைய பாயாசத்துக்குள் விழுந்தது. பூரணத்தின் முகம் வெளிறியது. அக்கா மட்டும் அண்ணாந்து, எந்தக் கிண்ணம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் தலையைத் தடவிக் கையை மணந்து பார்த்தார். “நல்லெண்ணெய் இல்லைப் போல?” என்றார்.

“தேங்காயெண்ணெய். சுத்தமானது” என்றார் அக்கா, அசையாமல்.

“சம்பந்தி வீட்டிலை எண்ணெய் வைச்சு முழுக வாக்கிறது தலைத்தீவாளிக்கெல்லோ? அதுவும் மாப்பிள்ளைக்கு. நீங்கள் தகப்பனிலையே துவங்கிப்போட்டியள்!”

வீடு சிரித்தது. சம்பந்தம் பொருந்தியது. அன்று தகப்பனாரின் தலையைத் துடைத்துவிட்ட மாப்பிள்ளைதான் நடராசா. கலியாணத்துக்கு முன்னமே அவரே வந்து கம்பி இழுத்து பல்ப் போட்டுக் கொடுத்தார்.

உலக யுத்த காலத்தில் குண்டுக்குப் பயந்து ஊருக்கு ஓடும்போது மற்றவர்கள் நகையைக் கட்டினார்கள். அக்கா பளிங்குத் துண்டுகளைப் பழஞ்சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். “குண்டு விழுந்தால் வீடு போகட்டும்” என்றார். நான் யாழ்ப்பாணம் போய்ச் சேருமட்டும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அக்கா இறந்த அன்று காலை நடராசாவோடு வெள்ளவத்தை போய் இறங்கும்போது மனதில் ஒன்றை முடிவு கட்டியிருந்தேன். அக்காவை அறைவீட்டில் கிடத்தி, தலைமாட்டில் குத்துவிளக்கு ஒன்றே வைக்கவேண்டும். மாட்டுக் கொழுப்பு விளக்கின் கீழே ஒரு சைவப் பிரேதத்தைக் கிடத்துவதோ? அத்தான் கதிரையில் உட்கார்ந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“சொல்லு, தங்கம். நீ சொல்லுறபடி செய்யிறம்.”

நான் கூடத்தின் நடுவே போய் அண்ணாந்து பார்த்தேன். அக்கா பாயில் விழுந்து பல மாதம். அத்தனை காலமும் அதை யாரும் தொடவில்லை. ஒட்டடை, செத்த பூச்சி, பல்லி எச்சம், உப்பு. கீழே யாரைக் கிடத்தினாலும் அந்த ஊத்தையெல்லாம் முகத்தில் உதிரும். மீன்காரன் போன வாசலுக்குத் தண்ணீர் தெளித்த மனிசியின் முகத்தில்.

“பூரணம், தேசிக்காய் கிடக்கோ? வெட்டிக் கொண்டு வா” என்றேன்.

“சின்னம்மா, நீங்களோ? உங்களுக்கு ஓங்காளம் வருமெல்லே!”

“வரும். வாளியையும் கொண்டு வா.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். வாழ்நாளில் அன்றுதான் அதைத் தொட்டேன். பல்லி முட்டை ஒன்று விரலில் உடைந்தது. ஒரு கிண்ணத்தின் மடிப்பில் பழைய மஞ்சள் மெழுகு இன்னும் கல்லாக இருந்தது. நகத்தால் கிளறி எடுத்து மணந்தேன். அது மாட்டுக் கொழுப்புத்தான், யார் என்ன சொன்னாலும். பூரணம் வாளியைப் பிடித்துக்கொண்டு, “அம்மா அதைச் சாம்பல் போட்டுத்தான் எடுக்கிறவ” என்றாள். “எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை” என்று சொல்லிவிட்டுச் சாம்பல் கேட்டேன்.

குளிப்பாட்டி, நீறு பூசி, அக்காவை அதன் கீழே கிடத்தினோம். தலைமாட்டில் குத்துவிளக்கும் வைத்தேன். அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. பின்னேரம் கடற்பக்க யன்னலால் வெயில் வந்தது. அக்காவின் சேலையில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளி விழுந்தது. வந்த சனம் வாயைப் பிளந்தது. நான் அதைப் பார்க்காமல் சிவபுராணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் இரண்டு தரம் வரி தவறியது.

பாடையைத் தூக்க வந்த ஆம்பிளைகள் எல்லாரும் வழக்கம்போலக் குனிந்தார்கள். ஒருவருடைய தோள் இடித்துச் சரவிளக்கு ஆடியது. கண்ணாடி கலகலத்து, அக்காவின் நெற்றியில், திருநீற்றின் மேலே ஒரு துளி விழுந்தது. எண்ணெயோ என்று பதறிக் கிட்டப் போனேன். தேசிக்காய் மணத்தது. நான் ஒழுங்காகத் துடைக்காமல் விட்ட தண்ணீர்.

“துடைக்கத் தெரியாதவள் ஏனடி ஏறினனீ?” என்று அக்கா கேட்டிருப்பார்.

முந்தானையால் அந்தத் துளியை ஒற்றி எடுத்து, கலைந்த திருநீற்றைத் திரும்பப் பூசிவிட்டேன். பெண்களாகிய நாங்கள் கேற்றோடு நின்றுகொண்டோம். பறைச் சத்தம் காலி வீதி என்கிற பெருந்தெருப் பக்கம் தேயுமட்டும் என் கையை மணந்து பார்த்தபடி நின்றேன். சவர்க்காரம் போட்டுக் கழுவியும் அந்தக் கொழுப்பு நாற்றம் போகவில்லை.

போய் வாருங்கோ, அக்கா. சனிக்கிழமை வருகுது. இந்த முறை காயத் துடைக்கிறன்.