டாக்டரிடம் நான் சொன்ன பொய்

என் மனைவி சண்முகத்தாய் அடுப்பங்கரையில் விழுந்து கிடந்தாள். வாய் கோணியிருந்தது. வலது கை துவண்டு கிடந்தது. கூப்பிட்டால் கண் மட்டும் அசைந்தது. போன ஆடி மாதம், இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு ஆம்புலன்சில் கொண்டுபோனோம். ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தக் கசிவு, பிரஷரால் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். முன்னால் ஏதாவது தொந்தரவு சொன்னாளா என்று கேட்டார்.

கான்சாபுரத்திலிருந்து ஓடிவந்த அவள் தம்பி என் பக்கத்தில் நின்றான்.

"ஒண்ணும் சொல்லலைங்க," என்றேன்.

பொய். இடது கண்ணில் திரை இறங்கினது போல இருட்டுகிறது, செத்த நேரத்தில் சரியாகிவிடுகிறது என்று இரண்டு மாதத்தில் மூன்று தடவை சொல்லியிருந்தாள். வலது கை மரத்துப்போய் டம்ளரைக் கீழே போட்டாள். நான் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். யார் எதைச் சொன்னாலும் நம்பாத புத்தி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று ஏசினேன். அதற்குப் பிறகு அவள் சொல்லவே இல்லை.

மருந்து ஏறியது. பிரஷர் இறங்கியது. அவளோ இன்னும் மோசமானாள். கூப்பிட்டால் கண்ணும் அசையவில்லை. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் பஸ் ஏறி ஆண்டாள் சந்நிதிக்கு வந்தேன். எத்தனையோ ஆடிப்பூரத்துக்கு அந்தக் கோயிலில் பந்தோபஸ்து பார்த்திருக்கிறேன். கூட்டத்தைப் பார்த்து நின்றேனே தவிர, ஆண்டாள் முகத்தைப் பார்த்து நின்றதில்லை. அன்றைக்குத்தான் கை கூப்பினேன்.

"அவ பேசணும் தாயே. என்னைய ஏசினாலும் சரி, பேசணும்."

சொல்லி முடிக்கும் முன்பே நெஞ்சில் உறைத்தது. அவள் பேசியதைத்தான் நான் மறைத்துவிட்டேனே. அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. துளசியைக்கூட வாங்காமல் திரும்பி ஓடினேன்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மச்சினனை வைத்துக்கொண்டே. டாக்டர் உடனே கழுத்தை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மூளைக்குப் போகும் இடது பக்க ரத்தக் குழாய் ஏறக்குறைய மூடியிருந்தது. ரத்தம் சுற்றுவழியாக மெல்லிய குழாய்களில் போயிருக்கிறது. அதில் ஒன்றுதான் தாங்காமல் வெடித்திருக்கிறது.

"பிரஷர இன்னும் எறக்கியிருந்தா மூளைக்கு ரத்தமே போயிருக்காது. இத மொத நாளே சொல்லியிருக்கணும்," என்றார் டாக்டர்.

அன்றைக்கே மருந்தை மாற்றினார்கள். ஆண்டாள் தாயார்தான் என் வாயைத் திறந்தாள். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் சண்முகத்தாய் என்னையே பார்த்தாள். நாக்கு குழறியது.

"நான் சொன்னேன்ல. நீங்க கேக்கல."

கேட்ட வரம் கிடைத்துவிட்டது. சந்தோஷப்படத்தான் எனக்கு யோக்கியதை இல்லை. மச்சினன் வெளியே போனான். இன்றுவரை அவன் என் முகம் பார்ப்பதில்லை.

புரட்டாசியில் மதுரையில் கழுத்தில் ஆபரேஷன் நடந்தது. இப்போது நடக்கிறாள். வலது கையில் கரண்டி நிற்காது. சமையல் என் வேலையாகிவிட்டது. தேவைக்கு மட்டும் என்னோடு பேசுகிறாள். எது சொன்னாலும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்கிறேன். கண் இருட்டியது, கை மரத்தது என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

அடியார்களே, சந்நிதியில் நின்று பயமில்லாமல் கேளுங்கள், தாயார் தருவாள். நான் தினமும் போகிறேன். என் மனைவி என்னை மன்னிக்க வேண்டும் என்று மட்டும் இன்னும் கேட்கவில்லை. அதை அவளிடமே கேட்க வேண்டும். அதற்கான தைரியத்தைத்தான் தாயாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.