தேடும் பெட்டியில் நான் பார்த்த பெண்

போன மாதம் வரை என் மகள் எங்களோடு மண்ணூரில் இருந்தாள். இப்போது ஓரகடத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறாள். வேலைக்குத் தூரம் என்று உறவினர்களிடம் சொல்லி வைத்திருக்கிறோம். கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையிலேயே நிற்கும் என்பது அவர்களுக்கும் தெரியும். யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அவள் போனதற்குக் காரணம் நான்.

என் வேலையைச் சொன்னால்தான் நடந்தது புரியும். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்ன அலுவலகத்துக்காக வீட்டிலிருந்தபடி வெப்சைட்டுகளுக்கு எழுதுகிறேன். ஹாஸ்டல், மெஸ், டிரைவிங் ஸ்கூல், பல் டாக்டர் என்று எல்லாம் இந்தப் பக்கத்து ஆட்கள்தான். எழுதுவதற்கு முன்னால், ஜனங்கள் நெட்டில் என்ன வார்த்தை போட்டுத் தேடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கீவேர்ட் என்போம். ஹாஸ்டல்காரர் 'மகளிர் தங்கும் விடுதி' என்று போடச் சொல்வார். விடுதி என்று யார் தேடுகிறார்கள்? 'லேடீஸ் ஹாஸ்டல் ஓரகடம் சாப்பாடு வேணாம்' என்றுதான் அடிப்பார்கள். அந்த வார்த்தைகளுக்குப் பின்னால் யார் இருக்கிறாள், அவளுக்கு என்ன அவசரம் என்று கண்டுபிடிப்பதுதான் தொழில். 'ஹாஸ்டல் மூட்டைப்பூச்சி' என்று தேடுகிறவள் ஹாஸ்டல் தேடவில்லை. ஏற்கெனவே ஒன்றில் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். 'கேட் எப்போ மூடுவாங்க' என்பவள் செகண்ட் ஷிஃப்ட்காரி. அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதையெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுப்பேன். வார்த்தையை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள் என்பேன். எனக்கு ஆள் தெரியும் என்ற கர்வம் இருந்தது.

மகள் டிப்ளமோ முடித்து ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்ததிலிருந்து எனக்குப் பயம்தான். பஸ் கொஞ்சம் தாமதமானால் போன் செய்வேன். அசெம்ப்ளி லைனுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று தெரிந்தும் செய்வேன்.

அன்று மதியம் ஒரு ஹாஸ்டல் வெப்சைட்டுக்காக என் லேப்டாப்பில் உட்கார்ந்தேன். முந்தின நாள் மகள் அதில் தன் கூகுள் கணக்கைத் திறந்து, மூடாமல் போயிருந்தாள். நான் தேடும் பெட்டியில் 'லேடீஸ்' என்று அடித்ததும் அவள் தேடியவை கீழே வந்து விழுந்தன. 'லேடீஸ் ஹாஸ்டல் ஓரகடம் இன்னைக்கே சேர.' 'லேடீஸ் ஹாஸ்டல் சேர அப்பா அம்மா வரணுமா.' 'லேடீஸ் வீட்டை விட்டு வந்தா போலீஸ் கேஸ் ஆகுமா மேஜர்.'

'இன்னைக்கே' என்ற வார்த்தையை எங்கள் தொழிலில் தங்கம் மாதிரி பார்ப்போம். சும்மா விசாரிக்கிறவர்கள் அதைப் போடமாட்டார்கள். முடிவு எடுத்தவர்கள் போடுவார்கள். மூன்றையும் அடுக்கிவைத்து எனக்குத் தெரிந்த வழியில் ஆளை வரைந்தேன். ஒரு பையன். வேறு சாதி. பதிவுத் திருமணம் வரைக்கும் ஒளிந்துகொள்ள ஒரு ஹாஸ்டல். முன்பின் தெரியாதவளுக்குச் செய்வதையே என் மகளுக்கும் செய்தேன். அவளிடமே கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் விடும் நேரத்துக்குத் தெருமுனையில் போய் நின்றேன். பஸ் வந்தது. அவள் இறங்கினாள். பின்னாலேயே ஒல்லியாக ஒரு பெண், புடைத்த டிராவல் பேக்கோடு. அந்தப் பையில் இருப்பது என் மகளின் துணி, இவள் உடந்தை என்று அந்த நொடியே முடிவுகட்டினேன்.

"யார்டி அவன்?" என்றேன்.

"எவன்மா?"

"நடிக்காத. நீ தேடினது எல்லாத்தையும் பார்த்துட்டேன்."

பஸ் படியில் நின்ற ஒருத்தி உள்ளே திரும்பி, "டிரைவர் அண்ணா, வண்டிய எடுக்காத. படம் இப்பத்தான் ஸ்டார்ட் ஆவுது" என்றாள். ஜன்னலெல்லாம் சிரிப்பு.

"அம்மா, வீட்டுக்குப் போய்ப் பேசலாம். ப்ளீஸ்."

"வீடு வேணாம்னுதானே தேடியிருக்க? இங்கயே சொல்லு. யாரு, எந்த ஆளுங்க?"

எந்த ஆளுங்க என்றும் கேட்டேன். நடுரோட்டில், அவள் லைனில் வேலை பார்க்கிற அத்தனை பேர் முன்னால். அவர்களில் யார் யார் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மகள் ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். பக்கத்தில் நின்ற பெண்ணை ஒரு முறை பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். நான் அந்தப் பையின் வாரைப் பிடித்து இழுத்தேன்.

"அக்காவத் திட்டாதீங்கம்மா," என்றாள் அந்தப் பெண். "அவங்க எனக்காகத்தான் தேடுனாங்க. என் போன வூட்ல புடுங்கி வெச்சிகினாங்க."

அங்கேயாவது நிறுத்தியிருக்க வேண்டும். "ஏன், உன் வீட்ல என்ன?" என்றேன்.

"கூடப் பொறந்த அக்கா வூட்லதான் தங்கிகினு இருக்கேன். மாமா சரியில்லம்மா. ராத்திரியில என்னைக் கதவுக்குத் தாப்பா போட வுட மாட்டேன்றாரு."

சிரிப்பு நின்றுவிட்டது. படியில் நின்றவள் உள்ளே போய்விட்டாள்.

"உங்களுக்கு எல்லா ஹாஸ்டலும் தெரியுமாம். கேட்டா நல்லதா சொல்வீங்கன்னு இந்த அக்காதான் இட்டுகினு வந்தாங்க."

வாயால் சொல்ல முடியாததைத்தான் மனிதர்கள் அந்தப் பெட்டியில் அடிக்கிறார்கள். இத்தனை வருடம் அதைப் படித்துச் சம்பாதித்தவள் நான். தன் போனில்கூடத் தேட வழியில்லாத ஒரு பெண்ணை, பஸ் நிறைய ஆட்கள் கேட்க அதை வாயால் சொல்லவைத்தேன்.

அன்று மாலையே எனக்குத் தெரிந்த ஒரு வார்டனிடம் பேசி அவளைச் சேர்த்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்து, "ரொம்ப தேங்க்ஸ்மா" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மகள் வீட்டில் கத்தவில்லை. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போது, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்: "எங்க அம்மா எது சொன்னாலும் புரிஞ்சிப்பாங்கன்னு அவகிட்ட சொல்லி வெச்சிருந்தேன்."

அடுத்த வாரம், தானும் ஹாஸ்டலுக்குப் போவதாக அப்பாவிடம் சொன்னாள். அவர் கெஞ்சிப் பார்த்தார். நான் அவள் அறை வாசலில் நின்று, "தப்புதான்டி, மன்னிச்சிடு" என்றேன்.

"மன்னிச்சிட்டேன்மா. ஆனா இங்க இருந்தா, ஒரு எழுத்து அடிக்கறதுக்கு முன்னாடி நீ என்ன நினைப்பன்னு யோசிக்கணும். என்னால முடியாது."

போர்வையை மடித்துக் கொடுத்தேன்.

சேர்க்கும் நாளில் அவள் அப்பாவுக்கு ஷிஃப்ட் மாற முடியவில்லை. நான் போனேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அந்தப் பெண் மாடிப்படியில் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். புதிதாக ஒரு போன் வாங்கியிருந்தாள். வார்டன் பேனாவை எடுத்து, "அவசரம்னா யாருக்குப் போன் பண்றது? அம்மா நம்பரையே போட்டுக்கவா?" என்றார்.

நான் சொல்ல வாயெடுத்தேன்.

"அப்பா நம்பர் போட்டுக்கோங்க மேடம்" என்று மகள் சொன்னாள்.

"அவர் டியூட்டில இருந்து எடுக்கலன்னா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். என்னைப் பார்க்கவில்லை. படியில் நின்றவளைக் கைகாட்டி, "இவ நம்பர் எழுதிக்கோங்க" என்றாள்.

வார்டன் என்னைப் பார்த்தார். "ஆமாம், அதையே எழுதிக்கோங்க" என்றேன்.