பசைக்கு அடியில் இருந்த வாடை

இதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு முகம் எரிகிறது. அல்லாஹ் என் துஆவை ஏற்றான் என்று சொல்லத்தான் வந்தேன். ஆனால் முதலில் நான் அவனிடம் என்ன கேட்டேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். அதுதான் வெட்கம்.

எண்பத்திரண்டாம் வருடம். ஜப்பான் வேன்கள் எங்கள் கிழக்குக் கரையில் ஓடத் தொடங்கியிருந்த காலம். வேன் வாங்கிய எல்லோருக்கும் உள்ளே பாட்டுப் பெட்டி வேண்டும். அதை வேனில் பொருத்திப் பூட்டும் வேலையைப் படிக்க நான் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனேன். ஒரு வருடம் நிற்பதாகத்தான் பேச்சு. மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிட்டேன். அங்கே என்னை வாகனத்துக்கு அடியில் படுக்க வைத்தார்கள். எங்கே ஓட்டை போடலாம், எங்கே போடக் கூடாது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். உடம்பெல்லாம் கிரீஸ். நான் பாட்டு வேலை படிக்க வந்தவன், கராஜ் வேலைக்கு வரவில்லை என்று நினைத்தேன். பெரிய எஞ்சினியர் என்ற நினைப்பு. ஊருக்கு வந்து எல்லாம் படித்து முடித்துவிட்டேன் என்றேன். உம்மா அதை நம்பி, வாசலில் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார்.

கல்முனையில் ஒரு சின்ன அறை எடுத்து, என் பெயரைப் பலகையில் எழுதி மாட்டினேன். முதல் வேலை கபூர் காக்காவின் வேன். எனக்கு அண்ணன் வயது, சாய்ந்தமருதில் வாடகைக்கு ஓட்டுபவர். அன்று வெள்ளிக்கிழமை. பின்னேரம் ஒரு மாப்பிள்ளை வீட்டாரைச் சம்மாந்துறையில் பெண் வீட்டுக்கு ஏற்றிப் போகிறேன், பாட்டோடு போக வேண்டும் என்றார். கடை வாசலில் பத்துப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். நான் வெள்ளைச் சட்டையும் தேய்த்த காற்சட்டையும் போட்டிருந்தேன். சத்தத்தைக் கூட்டும் பூஸ்டரை ஆசனத்துக்குக் கீழே வேனின் தரையோடு சேர்த்துத் திருகாணியால் முடுக்க வேண்டும். ஓட்டை போடுமுன் வேனுக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். அது எனக்குத் தெரியும். கொழும்பில் நான் படித்ததே அது ஒன்றுதான். பத்துப் பேர் முன்னால் மணலில் படுக்க மனம் வரவில்லை. மேலிருந்தே ட்ரில்லை அழுத்தினேன்.

தரையைத் துளைத்த பிறகு ட்ரில் இன்னொன்றையும் துளைத்தது போலிருந்தது. வெளியே எடுத்தால் முனை ஈரம். விரலால் துடைத்துவிட்டுத் திருகாணியை இறுக்கினேன். அதே கையோடு பசை எடுத்துத் தரையில் ரெக்ஸின் விரிப்பை ஒட்டினேன். ஒரு வாடை வந்தது. பசை வாடை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனேன். விரலில் பசை காய்ந்திருந்தால் தோலில் தண்ணீர் படாது, தொழுகைக்கு முன் கழுவும் வுழூ நிறைவேறாது. தண்ணீர்த் தொட்டியருகே குந்தி ஓட்டுத் துண்டால் சுரண்டினேன். பசை சவ்வு சவ்வாகக் கழன்றது. கையைக் கழுவி முகர்ந்து பார்த்தேன். பசை போய்விட்டது, வாடை போகவில்லை. பெற்றோல்.

பெற்றோல் குழாயைத் துளைத்திருக்கிறேன். இப்போது அந்தத் திருகாணிதான் அடைப்பாக நிற்கிறது. வேன் ஓடினால் அது இளகும். எல்லாம் அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. கபூர் காக்கா எனக்கு மூன்று வரிசை முன்னால் இருந்தார். தொழுகை முடிந்ததும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் நெற்றியைத் தரையில் வைத்து, சுஜூதில் என்ன கேட்டேன் தெரியுமா?

"யா அல்லாஹ், என்ட பிழைய மறைச்சிரு."

வேனில் ஏறப்போகும் பிள்ளைகளின் நினைப்பு வரவில்லை. பலகையில் இருந்த என் பெயர்தான் கண்ணுக்குள் நின்றது.

தொழுகை முடிந்து கபூர் காக்கா என்னைத் தேடி வந்து கை கொடுத்தார். கொழும்புக்காரன் இவனிடம் படிக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டு கை கொடுத்தேன்.

வீட்டில் உம்மா சோறு போட்டார். பிடிச்சோற்றை வாயருகே கொண்டுபோனால் விரலில் அதே வாடை. அப்போதுதான் அந்த வேனில் ஏறப்போகும் பெண்களும் பிள்ளைகளும் நினைவுக்கு வந்தார்கள். சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அறையைச் சாத்தி இரண்டு ரக்அத் தொழுது, அழுது, வேறு விதமாகக் கேட்டேன்.

"மறைக்க வேணாம் றப்பே. அந்த வேன நிப்பாட்டு. என்ன எல்லாருக்கும் முன்னால வெட்கப்படுத்து."

மாப்பிள்ளை வீட்டுக்குச் சைக்கிளில் ஓடினேன். வேன் போய்விட்டது. காரைதீவுச் சந்தியில் திரும்பிச் சம்மாந்துறை வீதியில் மிதித்தேன். வழியெல்லாம் அதே துஆ.

மாவடிப்பள்ளி ஊருக்கு இப்பால், வயல் நடுவே வேன் நின்றது. ஏன் நின்றது தெரியுமா? நான் பூட்டிய பெட்டி ஊமையாகிவிட்டது. எர்த் வயரைக்கூட நான் ஒழுங்காக முடுக்கவில்லை. பாட்டில்லாமல் பெண் வீட்டில் போய் இறங்குவதா என்று மாப்பிள்ளையின் கூட்டாளிகள் வேனை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அல்லாஹ் என் இன்னொரு பிழையைக் கொண்டே என் துஆவுக்குப் பதில் தந்தான். பெண்களும் பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். ஒருவர் வேனின் நிழலில் குந்தி, பீடியை வாயில் வைத்துத் தீப்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் கூட்டாளிகளுக்குச் சந்தோஷம். நல்ல நேரத்தில் வந்தாய், பெட்டியைப் பார் என்றார்கள்.

"நெருப்புப் பத்தவைக்காதீங்க," என்றேன். "எல்லாரும் இறங்குங்க. நான் பெற்றோல் பைப்பில ஓட்ட போட்டுட்டன்."

கபூர் காக்கா குனிந்து பார்த்தார். வேனுக்கடியில் மண் நனைந்திருந்தது. அவர் ஏசவில்லை. நிமிர்ந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"பள்ளியில எனக்குக் கை தரக்குள்ள இது உனக்குத் தெரியுமா?"

"ஓம், காக்கா."

மாப்பிள்ளையும் அவருடைய உம்மாவும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கபூர் காக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வழியாக வந்த ஒரு ட்ராக்டரின் இழுவைப் பெட்டியில் பட்டுச் சேலைகளோடு பெண்கள் ஏறிப் போனார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

பலகையைக் கழற்றினேன். உம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். மறுபடி கொழும்புக்குப் போய், அதே கடையில் கூட்டிப் பெருக்குவதிலிருந்து தொடங்கினேன். இம்முறை ஒன்றரை வருடம். அதில் பாதி வாகனங்களுக்கு அடியில்தான் கிடந்தேன்.

திரும்பி வந்து கடையைத் திறந்தபோது ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நியாயம்தான். கடைசியில் வந்தது கபூர் காக்காவின் வேன். அவர் இறங்கி வந்தார். நான் சட்டையைக் கழற்றி மணலில் படுத்து வேனுக்கடியில் நகரும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் வேனைக் கிளப்பும் திறப்பைத் தந்தார்.

சகோதரர்களே, அல்லாஹ் நம் குறைகளை மறைப்பவன். ஆனால் என் முதல் துஆவை அவன் ஏற்றிருந்தால் அந்த வயல் வீதியில் எத்தனை ஜனாஸா கிடந்திருக்குமோ. உங்களிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாத பிழை ஏதும் இருந்தால் அவனிடம் போங்கள். காப்பாற்று என்று கேளுங்கள். அவன் காப்பாற்றுவான். கூடவே வெட்கமும் வரும், வரட்டும். எனக்கு இன்னும் போகவில்லை. ஜும்ஆ முடிந்து யாராவது கை நீட்டினால், என் விரல்களை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் இன்றும் கை கொடுக்கிறேன்.