குடகில் கிடந்த பட்டமரம்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தின் மூன்றாம் ஞாயிறு. பெங்களூரில் மல்லேஸ்வரம் போகும் பேருந்தில் என் பக்கத்தில் இருந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் தொங்கிய சிறிய பூதக்கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். "இருக்கா, போயிடுச்சா? பார்த்துட்டுச் சொல்லுப்பா" என்று யாரிடமோ போனில் கெஞ்சினார்.

"ஆஸ்பத்திரிங்களா மேடம்?" என்றேன்.

"பட்டமரம் சார். குடகுல ஒரு எஸ்டேட் ஓரமா, காட்டுல விழுந்து கிடக்கு. பிரியாணிக்குக் கல்பாசி போடுறோமே, அந்த ஜாதியில ஒண்ணு அதுமேல படர்ந்திருக்கு. வேற எங்கயும் நான் பார்த்ததில்ல. இன்னைக்கு விறகுக்கு அறுக்க வர்றாங்களாம்."

போன் அடித்தது. கேட்டவர் வாய்விட்டுச் சிரித்தார். "ரம்பத்தோட வந்தவங்கள எஸ்டேட் ஓனரே திருப்பி அனுப்பிட்டாராம் சார். 'அந்தம்மா தொல்லை தாங்கல, கிடக்கட்டும் விடு'ன்னாராம்!"

"அப்பாடா!" என்றேன்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனார். நான் பார்த்தேயிராத ஒரு செத்த மரம் பிழைத்ததில் எனக்கேன் அத்தனை நிம்மதி என்று இன்றுவரை விளங்கவில்லை.